கடை இரண்டு, கணக்கு ஒன்று



பாடத்துக்குப் போகுமுன் நம் சங்க உறுப்பினர் ஒருவர் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மற்றபடி அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம். கடைவீதியில் மொத்த மளிகைக் கடை, பைபாஸ் ரோட்டில் குடோன், இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளை என்று அவருக்கு மூன்று இடங்கள். மூன்றிலும் கம்ப்யூட்டர் வைத்து இன்டர்நெட் மூலம் இணைத்திருந்தார். வருட முடிவில் சரக்கு எண்ணியபோது கிளையில் துவரம் பருப்பு 12 மூட்டை குறைந்தது. மூட்டை 50 கிலோ என்றால் 600 கிலோ. கிலோ 120 ரூபாய் என்று போட்டாலும் 72,000 ரூபாய். கிளையைப் பார்த்துக்கொண்டவர் பத்தொன்பது வருடமாக அவரிடம் வேலை செய்கிறவர். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று முதலாளி ஒரு வார்த்தை விட்டுவிட்டார். அவர் பதில் பேசவில்லை. சாவிக்கொத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பருப்பை யாரும் எடுக்கவில்லை. அந்த 12 மூட்டை கிளைக்கு வரவே இல்லை. வந்ததாகக் கணக்கில் மட்டும் ஏறியிருந்தது. அது எப்படி ஏறியது என்பதைப் பின்னால் சொல்கிறோம். அதைப் புரிந்துகொள்ள, ஒரே கணக்கைப் பல ஊர்களில் பிரித்து வைக்கும்போது கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் துறையில் இதைப் பரவலான டேட்டாபேஸ் என்கிறார்கள். பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கிளை வைத்திருக்கும் எந்த வியாபாரிக்கும் இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஏட்டிலிருந்து அட்டவணைக்கு

முதலில் டேட்டாபேஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். நாள்வழி, பேரேடு, பாக்கிச் சிட்டை என்று தனித்தனி ஏடுகள் இருந்த காலத்தில், வாடிக்கையாளர் ஒருவர் கடையை வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டால் அவர் முகவரியை எத்தனை ஏட்டில் திருத்த வேண்டியிருந்தது? ஒன்றில் திருத்தி மற்றொன்றில் விட்டுவிட்டால் சரக்கு பழைய தெருவுக்குப் போய் நிற்கும்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவலையும் எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்றார். வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, சரக்குக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஓர் அட்டவணை. பில் அட்டவணையில் வாடிக்கையாளர் முகவரி இராது, அவருடைய எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை வைத்து வாடிக்கையாளர் அட்டவணையில் முகவரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஒரு விவரம் ஒரே இடத்தில். மற்ற இடங்களில் அதற்கு ஒரு தொடர்பு மட்டும். இந்த முறையைத் தொடர்புமுறை டேட்டாபேஸ் என்கிறார்கள். காட் அவர்களுக்கு 1981இல் ட்யூரிங் விருது கிடைத்தது.

அவர் சொன்னதில் இன்னொரு விஷயம் நம் பாடத்துக்கு மிக முக்கியம். தகவல் எந்த அலமாரியில், எந்தக் கட்டில் இருக்கிறது என்று கேட்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. 'எனக்கு இன்னது வேண்டும்' என்று சொன்னால் போதும், தேடி எடுப்பது கம்ப்யூட்டரின் வேலை என்றார். எஸ்.க்யூ.எல். என்ற மொழி இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். அலமாரி எது என்று தெரிய வேண்டாம் என்றால், அலமாரி இருக்கும் ஊர் எது என்றும் தெரிய வேண்டாம் அல்லவா? 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் எஸ்.டி.டி.-1 என்ற முறையை உருவாக்கியது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இங்க்ரெஸ் என்ற டேட்டாபேஸைப் பல இடங்களுக்குப் பரப்பிப் பார்த்தார்கள். ஐ.பி.எம். ஆர்-ஸ்டார் என்ற முறையைச் செய்தது. 1987இல் கிறிஸ் டேட் என்பவர் இப்படிப்பட்ட முறைகளுக்குப் பன்னிரண்டு இலக்கணங்கள் வகுத்தார். அவற்றுக்கெல்லாம் அடிப்படையாக அவர் வைத்தது, பயன்படுத்துகிறவருக்குக் கணக்கு பல ஊரில் இருப்பதாகவே தோன்றக் கூடாது என்பது. பன்னிரண்டில் முதலாவது, ஒவ்வொரு இடமும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது. இரண்டாவது, எல்லாம் ஒரே தலைமை இடத்தை நம்பி நிற்கக் கூடாது என்பது. கிளை வைத்தவர்கள் இந்த இரண்டையும் படித்தால் சிரிப்பார்கள். தலைமைக் கடை போனை எடுக்காததால் கிளையில் வியாபாரம் நின்ற நாட்கள் எத்தனை!

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒரே கடை வைத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. இரண்டு கடை இருந்தும் லைன் நன்றாக இருந்தால், எல்லாக் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்து இரண்டு கடையிலிருந்தும் அதில் எழுதுவதே சுலபம், செலவும் குறைவு. கணக்கைப் பிரித்து வைப்பது ஒரு சங்கடம். லைன் போனாலும் பில் போட வேண்டும் என்கிறவர்கள் மட்டும் அந்தச் சங்கடத்தை ஏற்றுக்கொள்ளலாம். விற்க வருகிற மென்பொருள்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

எதை எங்கே வைப்பது

பிரிப்பதென்று முடிவு செய்தால் அட்டவணையை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒன்று வரி வரியாக: கிளையின் வாடிக்கையாளர் வரிகள் கிளையில், கடைவீதி வாடிக்கையாளர் வரிகள் கடைவீதியில். மற்றொன்று பத்தி பத்தியாக: சரக்கின் பெயர், விற்பனை விலை, வரி விகிதம் ஆகிய பத்திகள் எல்லா இடத்திலும் இருக்கட்டும், கொள்முதல் விலை, சப்ளையர் பெயர் ஆகிய பத்திகள் தலைமைக் கடையில் மட்டும் இருக்கட்டும். கொள்முதல் விலையைக் கல்லாவில் நிற்கும் பையன் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இந்த இரண்டாவது முறை பிடிக்கும். இரண்டு பகுதியிலும் சரக்கு எண் மட்டும் இருக்க வேண்டும். பின்னால் ஒட்டிப் பார்க்க அதுதான் வழி.

வரி வரியாகப் பிரிப்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரயில்வே முன்பதிவு. முன்பு மண்டலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் முறை தனியாக இருந்தது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999இல் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அப்போதும் எல்லா ரயிலின் கணக்கையும் ஒரே ஊருக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு ரயிலின் இடங்கள் ஒரு மையத்தின் பொறுப்பு. மதுரையில் ஜன்னல் முன் நின்று டில்லி மையத்தின் ரயிலுக்கு டிக்கெட் கேட்டால், கேள்வி டில்லிக்குப் போய்ப் பதில் வருகிறது. ஒரு படுக்கைக்கு ஒரே கணக்கு வைத்தால்தான் அதை இரண்டு பேருக்கு விற்காமல் இருக்க முடியும். எந்த மென்பொருளில் எழுதினாலும் இந்த விதி மாறாது. கிளைக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: குடோனில் இருக்கும் மூட்டைக்குக் குடோன் கம்ப்யூட்டர்தான் பொறுப்பு, கிளையில் இருக்கும் மூட்டைக்குக் கிளைக் கம்ப்யூட்டர்தான் பொறுப்பு. வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டு எழுதக் கூடாது. பார்க்கலாம், கேட்கலாம்.

விலைப் பட்டியல் வேறு மாதிரி. அதை நாள் முழுதும் ஆயிரம் தடவை பார்க்கிறோம், மாற்றுவதோ காலையில் ஒரு தடவை. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. லைன் போனாலும் பில் போடலாம். ஆனால் நகல் இருந்தால், மாற்றம் எல்லா நகலுக்கும் போய்ச் சேர்ந்ததா என்ற கவலையும் கூடவே வரும். எண்ணெய் விலை ஏறிய நாளில் கிளை பழைய விலைக்கே மாலை வரை டின் டின்னாக விற்றுவிட்டால் நஷ்டம் யாருக்கு? விலையோடு, 'இந்தத் தேதி இந்த மணி முதல்' என்பதையும் ஒரு பத்தியாக வைத்து, முதல் நாள் இரவே அனுப்பிவிடுவது நல்ல பழக்கம். கம்ப்யூட்டர்களின் கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இது சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். கூகுள் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஸ்பேனர் என்ற டேட்டாபேஸ் பற்றிய கட்டுரையில், பல நாடுகளில் உள்ள கம்ப்யூட்டர்களின் நேரம் ஒத்துப்போவதற்காக அணுக் கடிகாரங்களையும் ஜி.பி.எஸ். கருவிகளையும் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

கேள்வியைக் குறைத்து அனுப்புவது

கணக்கு இரண்டு ஊரில் இருந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கேள்விகள் வரும். தலைமைக் கடையில் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களில் யார் யார் கிளையிலும் சரக்கு வாங்குகிறார்கள்? கிளையில் 4,000 வாடிக்கையாளர். ஒவ்வொரு வரியும் 200 எழுத்து என்றால் மொத்தம் 8,00,000 எழுத்து. அத்தனையையும் தலைமைக் கடைக்கு வரவழைத்துத் தேடலாம். விவரம் தெரிந்த கம்ப்யூட்டர் அப்படிச் செய்யாது. தலைமைக் கடையில் பழைய பாக்கி 65 பேர் என்றால், அந்த 65 பேரின் ஆறு இலக்க எண்களை மட்டும் கிளைக்கு அனுப்பும். அது 390 எழுத்து. கிளை அந்த எண்களைப் பார்த்து, பொருந்தும் 18 வரிகளைத் திருப்பி அனுப்பும். அது 3,600 எழுத்து. எட்டு லட்சத்துக்குப் பதில் நாலாயிரத்தில் வேலை முடிந்தது. முன்பு சொன்ன எஸ்.டி.டி.-1 இந்த உத்தியைத்தான் கையாண்டது. லைன் வாடகை அதிகமாக இருந்த காலத்தில் இதன் அருமை இன்னும் அதிகம்.

'சரி'யும் 'முடிந்தது'ம்

இனிதான் பாடத்தின் கடினமான பகுதி. படிப்பது, பார்ப்பது எல்லாம் சுலபம். இரண்டு ஊரில் ஒரே சமயத்தில் எழுதுவதில்தான் கஷ்டம் இருக்கிறது.

குடோனிலிருந்து கிளைக்கு 12 மூட்டை போகிறது. குடோன் கணக்கில் 12 கழிய வேண்டும், கிளைக் கணக்கில் 12 கூட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டும் நடக்கக் கூடாது. ஒன்று நடந்து மற்றொன்று நடக்காவிட்டால் கணக்கு போச்சு. நடுவில் கரண்ட் போகலாம், லைன் போகலாம், கம்ப்யூட்டர் நின்றுபோகலாம்.

இதற்கு வழக்கில் உள்ள முறை இரண்டு கட்ட உறுதி. ஐ.பி.எம்.மில் இருந்த ஜிம் கிரே 1978இல் எழுதிய குறிப்புகளில் இதை விளக்கியிருக்கிறார். பிற்பாடு 1998இல் அவரும் ட்யூரிங் விருது பெற்றார். மண்டியில் தரகர் செய்யும் வேலைதான் இது. தரகர் முதலில் விற்கிறவரிடம் போய், "இந்த விலைக்குச் சம்மதமா?" என்று கேட்கிறார். பிறகு வாங்குகிறவரிடமும் கேட்கிறார். இது முதல் கட்டம். இரண்டு பேரும் சம்மதம் என்றால், "முடிந்தது" என்று இருவருக்கும் சொல்கிறார். இது இரண்டாம் கட்டம். ஒருவர் மாட்டேன் என்றாலும் பேரம் இல்லை என்று இருவருக்கும் சொல்லிவிடுகிறார்.

கம்ப்யூட்டரில் தரகருக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறது. 'தயாரா?' என்று கேட்கிறது. குடோன் கம்ப்யூட்டர் 12 மூட்டை இருக்கிறதா என்று பார்த்து, அதை வேறு யாருக்கும் கொடுக்காதபடி பூட்டி வைத்து, 'தயார்' என்பதை முதலில் தன்னுடைய அழியாத பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிறகுதான் வாயால் சொல்கிறது. இந்த வரிசை முக்கியம். எழுதாமல் சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் கரண்ட் போனால், எழுந்து வரும்போது தான் சொன்னதே அதற்கு நினைவிருக்காது. எழுதிவிட்டால், எழுந்து வந்ததும் பதிவேட்டைப் பார்த்து, 'நான் தயார் என்று சொல்லியிருக்கிறேன், முடிவு என்ன ஆயிற்று?' என்று கேட்டுக்கொள்ளும். எல்லோரும் தயார் என்றதும் ஒருங்கிணைப்பாளர் 'முடிந்தது' என்று தன் பதிவேட்டில் எழுதுகிறது. அந்த ஒரு வரி எழுதப்பட்ட நொடிதான் வியாபாரம் முடிந்த நொடி. அதற்குப் பிறகு எத்தனை தடவை லைன் அறுந்தாலும் முடிவு மாறாது. செய்தி போய்ச் சேரத் தாமதமாகும், அவ்வளவுதான்.

இதில் ஒரு குறை உண்டு. சம்மதம் வாங்கிக்கொண்ட தரகர் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? விற்கிறவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சரக்கை வேறு ஆளுக்கு விற்க முடியாது. வாங்குகிறவரும் பணத்தைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒருங்கிணைப்பாளர் கம்ப்யூட்டர் நடுவில் படுத்துவிட்டால் இதே நிலைதான்: 12 மூட்டையும் பூட்டிக் கிடக்கும். ஆரக்கிள் நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பில் இரண்டு கட்ட உறுதியைச் சேர்த்தபோது, இப்படி ஐயத்தில் தொங்கும் வரவுகளை நிர்வாகி கையால் தீர்த்துவைக்கவும் வழி வைத்தார்கள். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டராக இருந்தாலும் கடைசியில் ஒரு மனிதர் போன் போட்டு, "அங்கே என்ன ஆயிற்று?" என்று கேட்க வேண்டிய சமயம் வருகிறது.

12 மூட்டை எங்கே போனது

நம் உறுப்பினர் வாங்கியிருந்த மென்பொருளில் இந்த இரண்டு கட்டமும் இல்லை. குடோனில் பதிவு போட்டதும் அது கிளைக்கு ஒரு செய்தி அனுப்பும். 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒரு நாள் சாயங்காலம் மழையில் லைன் விட்டு விட்டு வந்தது. முதல் செய்தி கிளைக்குப் போய்ச் சேர்ந்தது. கிளைக் கணக்கில் 12 ஏறியது. 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வரும் வழியில் லைன் அறுந்தது. பதில் வராததால் குடோன் அதே செய்தியை மறுபடி அனுப்பியது. கிளை இன்னொரு 12 ஏற்றிக்கொண்டது. குடோன் கணக்கு சரி, லாரியில் போனது சரி, கிளையில் இறக்கியதும் சரி. கிளைக் கம்ப்யூட்டரில் மட்டும் 24.

இரண்டு இடத்துப் பதிவுகளையும் தாளில் அச்சடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நம் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து டிக் அடித்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. ஒரே டெலிவரி சலான் எண், நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. முதலாளி அன்று மாலையே தனியாக அவர் வீட்டுக்குப் போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை. மறு வாரம் திங்கட்கிழமை கிளைச் சாவி பழையபடி அவரிடம் இருந்தது.

இதற்கு மருந்து மிக எளிது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். பெறுகிற இடம், தான் பெற்ற எண்களையெல்லாம் பட்டியலாக வைத்திருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால், 'இது ஏற்கெனவே ஏறிவிட்டது' என்று பதில் மட்டும் சொல்ல வேண்டும், எழுதக் கூடாது. லாரி ரசீதில் இதை நாம் தலைமுறையாகச் செய்கிறோம். ஒரே ரசீதின் இரண்டு பிரதி வந்தால் இரண்டு லோடு இறக்கியதாக யாரும் எழுதுவதில்லை. கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும்.

இன்னொரு திருத்தமும் செய்தோம். சரக்கு லாரியில் ஏறி இறங்க இரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அவ்வளவு நேரம் இரண்டு இடத்துக் கணக்கையும் பூட்டி வைக்க முடியாது. ஆகவே நடுவில் 'வழியில் உள்ள சரக்கு' என்று மூன்றாவது கணக்கு ஒன்று தொடங்கினோம். குடோனில் கழித்தால் அதில் ஏறும். கிளையில் எண்ணி இறக்கிய பிறகு அதில் கழிந்து கிளையில் ஏறும். லாரி திரும்பி வந்துவிட்டால் எதிர்ப்பதிவு போட்டுக் குடோனுக்கே கொண்டுவந்துவிடலாம். பெரிய வேலையைச் சிறு சிறு பதிவுகளாக உடைத்து, ஒன்று தவறினால் முன்பதிவுகளை எதிர்ப்பதிவால் சரிக்கட்டும் இந்த முறையை ஹெக்டர் கார்சியா-மோலினா, கென்னத் சேலம் ஆகிய இருவரும் 1987இல் 'சாகா' என்ற பெயரில் எழுதினார்கள். எழுதியதை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுவது நம் கணக்குப்பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தினமும் இரவு கடை கட்டும்போது அந்த மூன்றாவது கணக்கில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால், எந்தச் சரக்கு வழியில் நிற்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். வருட முடிவு வரை காத்திருக்க வேண்டாம்.

லைன் போனால் கடையைச் சாத்துவதா?

2000ஆம் ஆண்டு எரிக் புரூவர் என்பவர் ஒரு மாநாட்டில் ஒரு கருத்தைச் சொன்னார். 2002இல் கில்பர்ட், லிஞ்ச் என்ற இருவர் அதைக் கணித முறையில் நிரூபித்தார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவில் லைன் அறுந்திருக்கும்போது, எல்லா இடத்திலும் ஒரே கணக்கு இருக்க வேண்டும் என்பதையும், எல்லா இடத்திலும் வேலை நடக்க வேண்டும் என்பதையும் ஒருசேரப் பெற முடியாது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இதை எந்த மென்பொருளாலும் தாண்ட முடியாது. "எங்கள் சாஃப்ட்வேரில் இரண்டும் உண்டு" என்று யாராவது சொன்னால் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நம் அபிப்பிராயம், இதை மொத்தமாக ஒரே முடிவாக எடுக்கக் கூடாது என்பது. ரொக்கத்துக்கு விற்கும் சில்லறைக்கு லைன் தேவையில்லை. கிளை தன் கணக்கில் பில் போட்டுக்கொண்டே இருக்கட்டும், லைன் வந்ததும் தலைமைக்கு அனுப்பட்டும். குடோனில் கடைசியாக நிற்கும் பத்து மூட்டையைக் கிளையிலிருந்து விற்பது என்றால் நிறுத்துங்கள். போன் செய்து கேட்டுவிட்டு விற்கட்டும். கடன் கொடுப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய் வரை கடன் என்றால், அதில் 10,000 ரூபாயைக் கிளைக்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். லைன் இல்லாத நாளில் கிளை அதற்குள் கடன் கொடுக்கலாம். தலைமைக் கடை மீதி 40,000க்குள் கொடுக்கும். இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் கொடுத்தாலும் மொத்தம் 50,000ஐத் தாண்டாது.

பில் எண்ணிலும் இதே யுக்திதான். எல்லாக் கிளைக்கும் ஒரே தொடர் எண் வைத்தால், ஒவ்வொரு பில்லுக்கும் தலைமையைக் கேட்டு அடுத்த எண் வாங்க வேண்டும். லைன் போனால் பில் நின்றுவிடும், அல்லது ஒரே எண் இரண்டு பில்லில் விழும். ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் மறுபடி வராததாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைத்துக்கொள்ளவும் அந்த விதியே அனுமதிக்கிறது. ஆகவே கடைவீதிக்கு ஒரு முன்னெழுத்து, கிளைக்கு வேறு முன்னெழுத்து கொடுத்துவிட்டால் அவரவர் தொடரில் அவரவர் எண் போட்டுக்கொண்டு போகலாம்.

யு.பி.ஐ. பணம் ஏன் தொங்குகிறது

உறுப்பினர்கள் பலர் கேட்டது இது. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்கிறார், அவர் கணக்கில் பணம் பிடித்துவிடுகிறது, நம் கணக்குக்கு வரவில்லை. அவர் போனைக் காட்டி நிற்கிறார், பின்னால் வரிசை நீள்கிறது. அவர் ஏமாற்றுகிறார் என்று எண்ணக் கூடாது. வந்துவிடும் என்று எண்ணிச் சரக்கையும் கொடுத்துவிடக் கூடாது. அவர் வங்கியின் ஏடு ஓரிடம், நம் வங்கியின் ஏடு வேறிடம். ஒன்றில் கழிந்து, மற்றொன்று கூட்டியதா இல்லையா என்ற பதில் நடுவழியில் நிற்கிறது. குடோனுக்கும் கிளைக்கும் நடுவில் நடந்த அதே கதைதான். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதிச் சுற்றறிக்கையில், கடைக்குச் செலுத்திய யு.பி.ஐ. பணம் இப்படிப் பிடிக்கப்பட்டுக் கடைக்கு உறுதி வராமல் நின்றால், நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் வாடிக்கையாளர் கணக்கில் தானாகத் திரும்ப வரவு வைக்க வேண்டும் என்றும், அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் அவருக்கு ஈடு தர வேண்டும் என்றும் விதித்தது. இதை வாடிக்கையாளரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால் கடை வாசலில் சண்டை வராது. அவர் போன் திரையை நம்பாமல், நம் வங்கிக் கணக்கிலோ ஒலிப்பெட்டியிலோ வரவு தெரிந்த பிறகே பில்லை முடிக்க வேண்டும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

கிளைக்கும் தலைமைக்கும் மென்பொருள் வாங்குகிறவர்கள், விற்பவர் கொண்டுவரும் அச்சடித்த விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவரை எதிரில் உட்காரவைத்து இதைச் செய்து பார்க்கவும். இரண்டு கம்ப்யூட்டரில் மாதிரிச் சரக்கு 100 மூட்டை ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 12 மூட்டை மாற்றும் பதிவைப் போட்ட உடனே லைன் வயரைப் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துச் செருகுங்கள். இரண்டாம் தடவை, வயருக்குப் பதில் பெறுகிற கம்ப்யூட்டரின் கரண்ட் சுவிட்சையே அணையுங்கள். மூன்றாம் தடவை அனுப்புகிற கம்ப்யூட்டரை அணையுங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்து இருப்பையும், வழியில் உள்ளதையும் கூட்டிப் பாருங்கள். 100 வர வேண்டும். 88 வந்தாலும் 112 வந்தாலும் வேண்டாம். இந்தப் பரீட்சையைப் பத்துத் தடவையாவது செய்ய வேண்டும். நம் உறுப்பினருடைய மென்பொருள் முதல் ஆறு தடவை சரியாகவே காட்டியது.